மாலேயில் விழாத கோல்

இலங்கை அணியின் அண்மைக்கால ஆட்டங்களில் எது சிறந்தது என்று ஊர்காவற்றுறையில் உதைபந்தாட்டப் பிரியர்களைக் கேட்டால், 2021 நவம்பரில் கொழும்பில் மாலைதீவுடன் 4-4 என்று முடிந்த ஆட்டத்தைச் சொல்பவர்களே அதிகம். எட்டுக் கோல் விழுந்த ஆட்டம், சொல்வதில் பிழையில்லை. நான் அதற்கு ஒரு மாதம் முந்தியதைச் சொல்வேன். ஒக்ரோபர் 7, மாலே மைதானம், தெற்காசியக் கிண்ணம், எதிரே இந்தியா. அப்போது உலகத் தரவரிசையில் இந்தியா 107, இலங்கை 205. முடிவு 0-0. அந்த 90 நிமிடத்தில் விழாமல் போன கோல்களைப் பற்றி எனக்கு இன்னும் பேசி முடியவில்லை.

கோல் அடிப்பவரின் அழகு உடனே கண்ணில் படும். பின்களத்தின் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் பந்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். அன்று பந்து பெரும்பாலும் இந்தியாவின் காலில்தான் இருந்தது. சுனில் சேத்ரி போன்ற ஒருவர் கோலுக்கு முன்னால் உலாவிக்கொண்டிருக்க, பந்து வலமும் இடமுமாக மாறிக்கொண்டே இருந்தது. நான் பந்தை விட்டுவிட்டு எங்கள் பின்வரிசையைப் பார்த்தேன். பந்து ஒரு ஓரத்துக்குப் போனதும் வரிசை முழுவதும் அந்தப் பக்கம் நகரும். மற்ற ஓரத்தில் நின்றவர் தன் கோட்டைவிட்டு நடுவுக்கு வந்து சேருவார். பந்து திரும்பினால் எல்லோரும் சேர்ந்து திரும்புவார்கள். ஒருவர் இரண்டு அடி பிந்தினாலும் அவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் வாசல் திறந்துவிடும். அந்த இரண்டு அடியை விடாமல் ஒன்றரை மணித்தியாலம் காப்பது கால்களைவிடக் கவனத்தைத்தான் களைக்கவைக்கும். 80ஆவது நிமிடத்துக்குப் பிறகும் அந்த வரிசை உடையாமல் நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஓரத்தில் பந்தோடு வருபவனை மறிக்கிற பின்கள வீரரின் நிலையைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். நெஞ்சை நேரே காட்டி நின்றால், வருபவன் எந்தப் பக்கமும் வெட்டிப் போகலாம். தெரிந்தவர் அப்படி நிற்கமாட்டார். ஒரு தோள் முன்னுக்கு, ஒரு தோள் பின்னுக்கு. முழங்கால் மடங்கியிருக்கும், குதி தரையில் பட்டும் படாமலும் இருக்கும். கண் எதிராளியின் முகத்திலோ இடுப்பு ஆட்டத்திலோ இராது, பந்திலேயே இருக்கும். இப்போது வருபவனுக்கு மிஞ்சியிருப்பது கோட்டோரம் மட்டுமே. அந்த வழியை அவர்தான் விட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் பரவைக்கடலில் களங்கண்டி நட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே மீனை எவரும் துரத்துவதில்லை. நட்டு வைத்த வலைவேலியின் ஓரமாக அது தானே நீந்திப்போய் அறைக்குள் புகும். ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டவன் கடைசியில் பந்தை வெளியே தட்டுவான், அல்லது இடம் இல்லாத இடத்திலிருந்து உள்ளே உயர்த்துவான். உயர்த்தியதைத் தலையால் அடித்து வெளியேற்ற நடுவில் இருவர் காத்திருப்பார்கள்.

இப்படி நிற்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்த மாதமே மாலைதீவுடனான ஆட்டத்தில் நாலு கோல் விழுந்தது. அதே நவம்பர்த் தொடரின் இறுதியாட்டத்தில் சீஷெல்சுக்கு எதிராக 3-3. பிறகு தண்ட உதைகளில் கிண்ணமும் போனது. முன்கள வீரர்கள் ஒரே தொடரில் இத்தனை கோல் அடித்தும் கிண்ணம் கைக்கு வரவில்லை. இந்தக் கவலைதான் எங்களைப் போன்றவர்களை நித்திரையில்லாமல் வைத்திருக்கிறது.

அதற்கு முந்தியதும் சின்னக் கணக்கல்ல. 2019 ஒக்ரோபர் 10இல் தென்கொரியாவின் ஹுவாசோங் மைதானத்தில் 8-0. சொன் ஹியுங்-மின் இரண்டு, கிம் ஷின்-ஊக் நாலு. கிம் ஆறடி ஐந்து அங்குல உயரம். எங்கள் நடுப்பின்கள வீரர்கள் துள்ளி எழுந்தாலும் அவருடைய காதுக்குத்தான் எட்டினார்கள். 2021 யூனில் அதே கொரியாவிடம் 5-0. அதற்கு நாலு நாள் முந்தி லெபனானோடு நடந்த ஆட்டம்தான் என்னை அதிகம் வருத்தியது. வசீம் ராசீக் முதல் கோலைப் போட்டு எங்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். கொண்டாடிய மூச்சு அடங்குவதற்குள் சமன். முடிவு 3-2. லெபனானின் மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர் ஜோன் ஊமாரி, அவர்களுடைய நடுப்பின்கள வீரர்.

எதிரணியின் பின்கள வீரர் ஒருவர் இரண்டு கோல் அடிக்கிறார் என்றால் எங்கள் நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓடுகிற ஆட்டத்தில் நாங்கள் அவ்வளவு மோசமில்லை. பந்து நின்று, எதிரணியின் உயரமானவர்கள் எங்கள் பெட்டிக்குள் நடந்துவந்து, கோணரோ சுயாதீன உதையோ எடுக்கப்படுகிற அந்தப் பதினைந்து விநாடிதான் எங்களைக் கொல்கிறது. முதல் பந்தை வெல்ல எங்களிடம் துணிச்சல் உண்டு. தலையால் அடித்துவிட்டு ‘ஆச்சு’ என்று நிற்கிற அரை நொடியில்தான் கோட்டை விடுகிறோம். அடித்த பந்து பெட்டியின் விளிம்பில் விழும். அதற்கு யார் போவது? இரண்டு பேர் போவார்கள், அல்லது ஒருவரும் போகமாட்டார்கள். தொலைவுக் கம்பத்தில் நின்றவர் பந்தைப் பார்த்துப் பார்த்தே தன் ஆளை மறந்திருப்பார். தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்கிறவரும் பார்க்காதவரும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறார்கள். ஒருவருக்குக் கோல் விழும், மற்றவருக்கு விழாது.

உயரத்தைக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2006 உலகக் கிண்ணத்தில் இத்தாலி ஏழு ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல். ஒன்று தங்கள் காலிலேயே பட்டுப் போனது, மற்றது இறுதியாட்டத்தில் சிடான் அடித்த தண்ட உதை. அந்தப் பின்களத்தின் தலைவர் ஃபாபியோ கனவாரோவின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். எங்கள் தீவுகளில் அந்த உயரத்தில் தேடினால் எத்தனையோ இளைஞர்கள் கிடைப்பார்கள். அவர் எல்லாருக்கும் முதலில் எழுவார். பந்து உதைபடும்போதே எங்கே விழும் என்று கணித்து நகர்ந்துவிடுவதால், உயரமானவர் துள்ளத் தொடங்கும்போது இவர் ஏற்கெனவே மேலே இருப்பார். அந்த ஆண்டின் பலோன் டோர் விருது ஒரு பின்கள வீரருக்குப் போனது எனக்கு இன்றைக்கும் சந்தோசம்.

கணிப்பை எங்கள் பக்கம் சோளகம் கற்றுத் தருகிறது. வைகாசி தொடங்கினால் தீவகத்து மைதானங்களில் காற்று நிற்காது. காற்றை எதிர்த்து உயர அடித்த பந்து நடுவானில் தயங்கி, அடித்தவனிடமே திரும்பி வரும். காற்றோடு அடித்தது குத்தி எழும்பி, காத்திருந்தவரின் தலைக்கு மேலால் போய்விடும். வெளியூர் அணிகள் இங்கே வந்து திணறுவது அந்தக் குத்தில்தான். ஊர்காவற்றுறையில் வயது போன ஒரு ‘பக்’ (பின்கள வீரர்) ஆடி நான் பார்த்திருக்கிறேன். ஓட்டம் குறைந்துவிட்டது, ஆனாலும் அவரைக் கடந்து போவது லேசில்லை. உயரப் பந்து வந்தால் அண்ணாந்து பார்த்தபடி பின்னுக்கு ஓடமாட்டார். பந்து காலைவிட்டுக் கிளம்பிய உடனே முதுகைத் திருப்பி நாலு எட்டு வைத்துவிட்டு, பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். அவர் பார்க்கும் இடத்தில் பந்து இறங்கிக்கொண்டிருக்கும். குத்த விடாமல் நெஞ்சில் எடுத்து, பக்கத்தில் நிற்கிற பெடியனிடம் தள்ளிவிடுவார். வாய் மட்டும் ஓயாது. “ஏறு, ஏறு!” “பின்னால ஆள்!” “காலை விடாத, நில்!” கோல்காப்பாளர் “என்ர!” என்று கத்தினால் அந்தக் கணமே ஒதுங்கி, ஓடிவருகிறவனுக்கும் காப்பாளருக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து நிற்பார். கைதட்டு காப்பாளருக்குப் போகும். அந்த முதுகுக்கு ஒருவரும் தட்டியதில்லை.

“ஏறு” என்கிற குரலுக்கு ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு. 1925 வரை ஓஃப்சைட் ஆகாமலிருக்கத் தாக்குபவனுக்கு முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் குவிந்தன, பின்களம் புதிதாக யோசிக்க வேண்டி வந்தது. இன்று பந்து பின்னோக்கி உதைபட்ட நொடியில் வரிசை முழுவதும் ஐந்து எட்டு முன்னேறுகிறதே, அது தாக்குபவனுடைய மைதானத்தையே சுருக்கிவிடுகிற அசைவு. நாலு பேரும் ஒன்றாக ஏறினால் பார்க்கக் கண் குளிரும். மூவர் ஏறி ஒருவர் நின்றுவிட்டால் அந்த ஒருவர் எதிரணிக்கு ஆடியதாகிவிடும்.

கடலுக்கு அப்பால் சென்னையின் அணியும் இதே பாடத்தைப் படித்தது. 2018 மார்ச்சில் பெங்களூரை 3-2 என்று வென்று இந்தியன் சுப்பர் லீக்கை இரண்டாம் முறை எடுத்தபோது, அவர்களின் இரண்டு கோல்களைத் தலையால் அடித்தவர் நடுப்பின்கள வீரர் மைல்சன் ஆல்வெஸ். அடுத்த பருவத்தில் அதே அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு கடைசி இடம். 2022 நவம்பரில் சொந்த மைதானத்தில் மும்பை சிற்றிக்கு எதிராக 2-0 என்று முன்னுக்கு நின்று 2-6 என்று தோற்றது. சம்பளம் வாங்கும் தொழில்முறை அணிக்கே இப்படியென்றால், வேலைக்குப் போய்வந்து பயிற்சிக்கு ஓடுகிற வீரர்களைக் கொண்டிருந்த எங்கள் அணியைத் திட்ட எனக்கு வாய் வராது.

மன்னாரின் டக்சன் பியூஸ்லஸை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. வடக்கின் மைதானங்களிலிருந்து தேசிய அணியின் நடுப்பின்களம் வரை போன தமிழ்ப் பிள்ளை. மாலைதீவுக் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது 2022 பெப்ரவரியில் மாலேயில் இறந்துபோனார். சுஜான் பெரேரா கோல் வாயிலிலும் டக்சன் அவருக்கு முன்னாலுமாக நின்ற காலம் நெருக்கடி மிகுந்த காலம். கொரியர்களிடமும் லெபனானிடமும் அடிவாங்கிய அந்தத் தலைமுறைதான் தோல்விக்கு நடுவில் நிற்கக் கற்றது. பெரேரா அந்த ஆண்டுகளில் காப்பாற்றிய பந்துகளை எண்ணிப் பார்த்தால், விழுந்த கோல்களின் தொகை எனக்குக் குறைவாகவே தோன்றும்.

பிறகு உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குள் சண்டை, 2023இல் ஃபிஃபா தடை. அது நீங்கி, முன்பு மான்செஸ்டர் சிற்றியின் நடுப்பின்களத்தில் தலைவராக நின்ற அன்டி மொரிசனின் பயிற்சியில் திரும்பி வந்த அணி, ஒக்ரோபரில் யெமனிடம் 3-0 என்று தோற்று, ஐந்து நாள் கழித்துக் கொழும்பில் 1-1 என்று நிறுத்தியது. 2024 மார்ச்சில் பப்புவா நியூகினியுடன் 0-0, பூட்டானுடன் 2-0. செப்ரெம்பரில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, அங்கே போய் 2-2, தண்ட உதையில் வெற்றி. இந்த வரிசையில் எத்தனை சுழியம் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றும் பின்களம் உழைத்துச் சம்பாதித்தது.

இப்போது அந்த வரிசைக்கு வெளிநாட்டில் வளர்ந்தவர்களும் வந்திருக்கிறார்கள். ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டனில் ஆடிய கிளாடியோ கம்மர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோரில் ஓரப் பின்களத்தில் ஆண்டுக்கணக்காக ஆடிய ஜாக் ஹிங்கர்ட். முன்னுக்கு, சுவீடனில் பிறந்த எங்கள் ஆதவன் ராஜமோகன். புலம்பெயர்ந்த பிள்ளைகளின் கோலுக்கு ஊரே துள்ளுகிறது, நானும் துள்ளுகிறேன். ஆனால் என் கண் பின்னுக்குத்தான் போகிறது. ஆளுக்கொரு நாட்டில் ஆட்டம் பழகியவர்கள் சில நாள் பயிற்சியோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் ஏறும் நேரத்தில் மற்றவரும் ஏறுவதற்குச் சேர்ந்து ஆடிய மணித்தியாலங்கள் வேண்டும். அதை எந்தப் பயிற்றுநரும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் ஒரே கோலில் தோற்று வந்தபோது பத்திரிகைகள் தோல்வி என்று எழுதின. தாய்லாந்து போன்ற அணியை அதன் சொந்த மைதானத்தில் ஒன்றோடு நிறுத்தியதை நான் மாலேக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன். யூனில் கொழும்பில் சீன தாய்ப்பேயை 3-1 என்று வென்றார்கள். அந்த ஒன்றும் விழாமல் இருந்திருக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்.

எங்கள் தீவகத்தில் கோடையிலும் கோயில் திருவிழாவை ஒட்டியும் நடக்கிற அணிக்கு 7 பேர், 9 பேர் தொடர்களில் ஆட்டநாயகனுக்குக் கிண்ணம் உண்டு, தொடர்நாயகனுக்கு உண்டு, சிறந்த கோல்காப்பாளருக்கும் உண்டு. பின்கள வீரருக்கு வழக்கமாக இல்லை. பெடியன்கள் எல்லாரும் முன்னுக்கு ஆடவே ஆசைப்படுகிறார்கள், பின்னுக்குப் போடச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஊர்காவற்றுறையில் அடுத்த தொடரை நடத்துகிற கழகத்தாரிடம் கேட்டுக்கொள்கிறேன்: சிறந்த பின்கள வீரருக்கென்று ஒரு கிண்ணம் வையுங்கள். கோல் அடித்தவரைத் தெரிவுசெய்கிற அதே நடுவர்களைக் கொண்டு தெரிவுசெய்ய வேண்டாம். மைதானத்தின் பின்பக்கத்தில், கோல் வலைக்குப் பின்னால், ஆட்டம் முழுவதும் நிற்க ஒருவரை அதற்கென்று இருத்துங்கள். கிண்ணத்துக்கான காசை நான் தருகிறேன்.