வாயிற்காவலனிடம் ஔவை சொன்னது

பூச்சோங்கில் தற்காலிக ஆசிரியராக இருந்தபோது, முழுநேரப் பணிக்கு நான் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை தேறவில்லை. ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியை ஒருவர், "ஔவையாரையே வாசல்ல நிக்க வச்சாங்க சார், நாம எம்மாத்திரம்?" என்றார். அன்றிரவு புறநானூற்றின் 206ஆம் பாடலை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டிக்கிறான். ஔவையார் வாயிற்காவலனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத்தான் தெரியாதா? இசைக்கருவிகளைக் கட்டியாயிற்று, பையும் சுருட்டியாயிற்று. கைத்திறன் உள்ள தச்சன் பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குள் போவதுபோல நாங்களும் போவோம், எந்தப் பக்கமும் பிழைப்பு உண்டு என்கிறார்.

வகுப்பில் இதைத் தன்மானப் பாடல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிதான். உவமையைக் கவனியுங்கள். காட்டில் தச்சனுக்கு யாரும் பந்தி விரித்து வைக்கவில்லை, மரம்தான் நிற்கிறது. அவனே வெட்டணும், அவனே செதுக்கணும். ஔவையாரின் தைரியம் கையிலிருக்கும் மழுவிலிருந்தும் பழகிய கையிலிருந்தும் வருகிறது.

மறுபாதி 101ஆம் பாடலில் இருக்கிறது. அதே புலவர், அதே அரசன். பரிசில் தாமதமானாலும் ஆகாவிட்டாலும் அது யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்த கவளம் போல உறுதியானது, வருந்தாதே என்று நெஞ்சுக்குச் சொல்கிறார். எந்தப் பாடல் முந்தியது என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது: ஒரே மனம் ஒருநாள் பொறுக்கிறது, ஒருநாள் மூட்டை கட்டுகிறது. கோபப்பட்டவர் பலவீனமானவர் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்லணும். ஔவையார் காலத்தில் புலவரை ஆதரிக்க வேந்தரும் வள்ளல்களும் பலர். நமக்குப் பெரிய வாசல் அரசுப் பணி ஒன்றுதான். டியூஷன் வருமானம் அதற்கு ஈடாகாது. அதனால் வேலை கிடைக்காத நண்பரிடம் 'எங்க போனாலும் பிழைச்சுக்கலாம்' என்று சுலபமாகச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நேர்முகத் தேர்வுவரை மழு மழுங்காமல் இருக்க அவருக்கு ஒரு வகுப்பு, ஒரு பாடவேளை கிடைக்கச் செய்யுங்கள். எனக்கு அப்படித்தான் கை கொடுத்தார்கள்.

மாணவர்களே, இந்த உவமையை விளக்கும்போது 'புலவர்க்கு உலகம் பெரிது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தச்சன் பிள்ளைகளின் கைத்திறனையும் சேர்த்து எழுதுங்கள். பாடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.