குழுப்பாட்டும் தனிப்புகழும்: வூ-டாங் கிளான் சொல்லிசையாளர்

ராப் எனப்படும் சொல்லிசை, 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றி வளர்ந்த ஹிப்-ஹாப் கலையின் ஒரு கூறு ஆகும். தாளத்தின்மேல் சொல்லை நிறுத்திக் கூறும் இப்பாட்டு வகைக்கு இயைபுத் தொடையே உயிர். அடியின் இறுதியில் மட்டுமன்றி அடியினுள்ளும் இயைபு அடுக்கி வருதல் இதன்கண் பெருவழக்கு. இக்கலையின் போக்கையே மாற்றிய குழுக்களுள் ஒன்று வூ-டாங் கிளான். அக்குழுவினர் ஒவ்வொருவரும் தனித்து நின்று பெற்ற புகழைக்கொண்டு அவர்தம் புலமையை அளத்தல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குழுவின் முதல் இசைத்தட்டு 1993ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் லவுட் நிறுவனத்தின் வழி வெளிவந்தது. ரிஸா, ஜிஸா, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், மெத்தட் மேன், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ் கில்லா, இன்ஸ்பெக்டா டெக், யூ-காட், மாஸ்டா கில்லா என்னும் ஒன்பதின்மரும் அதன்கண் இடம்பெற்றனர். முதல் மூவரும் உறவினர். தாம் வாழ்ந்த ஸ்டேட்டன் தீவுக்கு ஷாவோலின் எனப் பெயரிட்டு, ஹாங்காங் போர்க்கலைத் திரைப்படங்களின் சொல்வளத்தையும் ஒலிகளையும் தம் பாட்டிற்குள் கொணர்ந்தமை இவர்தம் புதுமை.

பாட்டினும் புதுமையானது இவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். ஜிஸாவும் ரிஸாவும் 1991இல் தனித்தனியே இசைத்தட்டு வெளியிட்டுக் கைப்பயன் காணாது மீண்டவர்கள். ஒருவராய் நின்று நிறுவனத்தை எதிர்த்தல் இயலாது என்பதை அத்தோல்வியால் உணர்ந்த ரிஸா, குழுவாய் உள்ளே புகுந்து, பின்னர் ஒவ்வொருவராய் வெவ்வேறு நிறுவனங்களிற் பரவும் உரிமையை முன்னரே கேட்டுப் பெற்றார். ஐந்தாண்டுகள் தம் சொல்வழி நடக்குமாறு ஏனையோரிடம் அவர் வேண்டியதும் பலரும் அறிந்த செய்தி. அவ்வண்ணமே மெத்தட் மேன் 1994இல் டெஃப் ஜாம் நிறுவனத்திலும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் 1995இல் எலெக்ட்ராவிலும், அதே ஆண்டில் ரேக்வான் லவுட்டிலும் ஜிஸா கெஃபனிலும், கோஸ்ட்ஃபேஸ் 1996இல் எபிக்கிலும் தத்தம் தொகுப்புகளை வெளியிட்டனர். ஐந்திற்கும் இசையமைப்புப் பெரும்பாலும் ரிஸாவினுடையதே. 1997இல் வந்த குழுவின் இரண்டாம் தொகுப்பு, வெளிவந்த முதல் வாரத்திலேயே அமெரிக்க விற்பனைப் பட்டியலின் தலையிடம் பெற்றது.

இவ்வைவரே குழுவின் சிறந்த புலவர், ஏனையோர் துணைப்பாடகர் என்று கூறுவார் பலர். இக்கூற்று ஆராயாது கூறியதாம். முதலில் வெளிவந்தோர்க்கு ரிஸாவின் முழுக்கவனமும் கிடைத்தது. பின்வந்தோர்க்கு எஞ்சியது கிடைத்தது. எனவே, தனித்தொகுப்புகளால் எழுந்த தரவரிசை ஒருவகையில் கால அட்டவணையின் வரிசையே; அதனைப் புலமையின் வரிசை எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இன்ஸ்பெக்டா டெக் இதற்குத் தக்க சான்று. ‘புரொடெக்ட் யா நெக்’ என்னும் குழுவின் முதற்பாட்டில் முதலிற் பாடுபவர் அவரே. 1997இன் ‘டிரையம்ஃப்’ பாட்டிலும் தொடக்கச் சரணம் அவருடையது. பல்லவியே இல்லாது சரணத்தின்பின் சரணமாக நீளும் அப்பாட்டில் முதலிடம் பெறுதல் எளிதன்று; பின்வருவார் அனைவர்க்கும் அளவுகோலாய் அமைவது அவ்விடம். அச்சரணத்தை ராப் வரலாற்றின் தலைசிறந்த சரணங்களுள் ஒன்றெனப் போற்றாதார் அரியர். ஓர் இயைபை எடுத்து, அடியின் இடையிலும் கடையிலும் அதனைப் பன்முறை திருப்பி, மூச்சு முறியுமுன் பொருளையும் முடித்துவிடும் செறிவு அவருடையது. ரேக்வானின் தொகுப்பிலும் ஜிஸாவின் தொகுப்பிலும் அவர் தந்த சரணங்களை நீக்கிவிட்டுக் கேட்பார்க்கு அவற்றின் இழப்புத் தெற்றெனப் புலனாகும்.

இத்தகையார்க்குத் தனித்தொகுப்பு வாய்த்தது 1999ஆம் ஆண்டின் அக்டோபர்த் திங்களில்தான். ரிஸாவின் நிலவறைக் கூடத்துள் வெள்ளம் புகுந்து, இவருக்கென வைத்திருந்தவை உட்பட எண்ணற்ற தாளக்கட்டுகளை அழித்துவிட்டது. இறுதியில் வெளிவந்த தொகுப்பில் ரிஸாவின் இசை சிறுபான்மையே. சில பாட்டுகளுக்கு டெக் தாமே இசையமைக்க நேர்ந்தது. அதற்குள் கேட்போர் சுவையும் மாறிவிட்டது. அத்தொகுப்பு முன்னைய ஐந்தனோடு ஒப்பத்தக்கது என்று நாமும் கூறமாட்டோம். ஆயின், வெள்ளத்தின் குறையைப் புலவன்மேல் ஏற்றுதல் திறனாய்வு ஆகாது.

திறனுடையார் எவ்வாறேனும் மேல்வருவர் என்பார் கோஸ்ட்ஃபேஸைக் காட்டுவர். ஐவருள் இறுதியாக வந்த அவர், 2000இல் வெளியிட்ட ‘சுப்ரீம் கிளையன்டெல்’ தொகுப்பால் தமக்கெனத் தனிநடை கண்டார் என்பது மெய்யே. தொடர்பற்றனபோல் தோன்றும் சொற்களை அடுக்கி ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்தும் அந்நடை வேறெவர்க்கும் வாய்க்கவில்லை. எனினும், 1995இல் ரேக்வானின் தொகுப்பு முழுதும் உடன்பாடி மக்கள் செவியில் அவர் முன்னரே இடம்பெற்றிருந்தமையை மறத்தலாகாது. டெக்கிற்கு அத்தகைய தோழமைத் தொகுப்பு ஒன்று அன்று அமையவில்லை.

மெத்தட் மேன் கிராமி விருது பெற்றதும் நடிகராய் வளர்ந்ததும் வேறு வரலாறு. பாடுதற்கும் கூவுதற்கும் இடைப்பட்ட குரலால் எவ்விலக்கணத்துள்ளும் அடங்காது நின்ற ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் 2004 நவம்பரில், 35 வயதில் மறைந்தார். அவ்வாண்டிலேதான் மாஸ்டா கில்லாவின் முதல் தனித்தொகுப்பும் வெளிவந்தது. 1993இன் தொகுப்பில் ஒரே ஒரு சரணம் பாடியவர் அவர். பதினோராண்டுக் காத்திருப்பு அவர்க்குக் கேடாகாது முதிர்ச்சியாயிற்று. காலத்தாழ்வு எல்லார்க்கும் ஒருதன்மைத்தாய் அமைவதில்லை என்பதும் இதனாற் போதரும்.

ஒரே பாட்டால், அதிலும் ஓர் உவமையால், பெயர்பெற்ற செம்புலப்பெயனீராரைக் கற்ற நமக்கு, நூல் பல செய்தாரே பெரும்புலவர் என்னும் எண்ணம் தோன்றுதற்கு இடமில்லை. சொல்லிசையில் சரணமே அடிப்படை அலகு. தொகுப்பு என்பது விற்பனையின் அலகு. பலர் கூடிப்பாடும் பாட்டில் முன்னவன் விட்ட இடத்தை அறிந்து, பின்னவனுக்கு இடம்வைத்துப் பாடுதல் தனிப்பாட்டில் இல்லாத ஓர் அருமை. அதனை அளக்க விற்பனைக் கணக்கு உதவாது.

டெக்கின் பிற்கால வாழ்வும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. கேங் ஸ்டார் இருவருடன் 1998இல் அவர் பாடிய ‘அபவ் த கிளவுட்ஸ்’ பாட்டு இன்றும் போற்றப்படுகின்றது. பின்னர் பாஸ்டன் நகரத்து 7எல், எசோடெரிக் என்னும் இருவருடன் கூடி ‘சார்ஃபேஸ்’ என்னும் குழுவை அமைத்து, 2013இல் அதன் முதல் தொகுப்பை வெளியிட்டார். தம் பெயரால் நின்ற தொகுப்புகளில் வாய்க்காத தொடர்ச்சி அவர்க்கு அங்கே வாய்த்தது. அடுத்தடுத்துப் பல தொகுப்புகள் அக்குழுவின் பெயரால் வெளிவந்தன.