இறகு விரித்த தகரம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தென்கடற்கரையில், பிங்கி என்ற இடத்தில் ஒரு விடுமுறை வீடு இருக்கிறது. பெயர் மேக்னி வீடு. மேக்னி குடும்பம் வழக்கமாகக் கூடாரம் போட்டுத் தங்கிய இடம் அது. கூடாரத்தின் லேசு கெடாமல் ஒரு வீடு வேண்டும் என்றார்கள். கட்டிட வடிவமைப்பாளர் கிளென் மர்கட் 1984-இல் அதை முடித்துக் கொடுத்தார்.

ஒற்றை அறை அகலத்தில் நீண்டு கிடக்கும் வீடு. பெற்றோருக்கு ஒரு பக்கம். பிள்ளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் மறுபக்கம். நடுவே கூரையிட்ட முற்றம்.

எனக்குப் பிடித்தது கூரைதான். நம்மூர்க் கொட்டகைகளில் போடுகிற அதே நெளிதகரம். ஆனால் பறவை இறகை விரித்ததுபோல் இருபுறமும் மேலே எழும்பி, நடுவில் தாழ்கிறது. பெய்கிற மழையெல்லாம் அந்தப் பள்ளத்துக்கு வந்து, குழாய் வழியே தொட்டிக்குப் போகிறது. அழகுக்காக வளைத்தது போலிருக்கும். அது தண்ணீர் பிடிக்கிற கை.

அங்கே வெயில் வடக்கிலிருந்து வரும். அதனால் வடக்கு முழுக்கக் கண்ணாடி. குளிர்காலத்தில் தாழ்ந்த சூரியன் உள்ளே வரைக்கும் வந்து தரையைச் சூடாக்கும். கோடையில் உச்சிச் சூரியனை இறவாரம் தடுத்துவிடும். மிச்சத்துக்குச் சாய்த்துத் திருப்பும் பட்டைத் திரைகள் உண்டு. குளிர்காற்று வீசும் தெற்கில் செங்கல் சுவர்.

படகின் பாயைக் காற்றுக்கேற்பத் திருப்புவதுபோல, இந்த வீட்டையும் பொழுதுக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.