மூன்றாவது கதவு

ராமின் 'பேரன்பு' (2019) பார்த்தவர்கள் மம்மூட்டியையும் சாதனாவையும் பாராட்டித் தீர்த்துவிட்டார்கள். தப்பில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அமுதவனும் மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பாவும் படம் முழுக்க வீடு தேடுகிறார்கள். ஏரிக்கரை வீடு பறிபோகிறது. நகரத்தில் லாட்ஜ், அப்புறம் காப்பகம். அங்கே பிள்ளைகளை அடிக்கிறார்கள் என்று தெரிந்து மகளைத் திரும்பக் கூட்டிவருகிறான். கடைசியில் கடல். கரை சேர்ப்பது மீராவின் அன்பு.

ராம் கேட்கும் கேள்வி சரி. ஆனால் அப்பா, இல்லையென்றால் காப்பகம் என்று இரண்டே கதவைக் காட்டுகிறாரே! சென்னையின் 'பேன்யன்' அமைப்பு 2015-ல் 'ஹோம் அகெய்ன்' என்று மூன்றாவது கதவைத் திறந்தது. மனநல விடுதிகளில் வருஷக்கணக்காக இருந்த நாலைந்து பேர், சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு. பாப்பாவுக்கு இன்னும் அதிக உதவி வேண்டியிருக்கும், கொள்கை ஒன்றுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஐந்தாவது பிரிவில் இதைத்தான் சொல்கிறது: சமூகத்தில் வாழ்வது உரிமை.

அன்பு மட்டும் போதாது சார். அமுதவனுக்கும் வயசாகும். அப்புறம் பாப்பாவுக்குத் தேவை சம்பளத்துக்கு ஒரு துணை, முகம் சுளிக்காத ஒரு ஹவுஸ் ஓனர்.

உங்கள் கீழ் போர்ஷன் காலியா?