'அப்படியே பொருந்தும்': ஓர் அட்டவணையின் பிழை

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சின்களில் எந்தப் பாகம் எதில் சேரும் என்று போன வருஷம் ஒரு அட்டவணை போட்டேன். கையேடுகளில் இருக்கும் பட்டியல்களைப் பார்த்து அதே பாணியில் தொகுத்ததுதான். 1500 எஞ்சினுக்கு நேராக '85.5 மிமீ சிலிண்டர்: அப்படியே பொருந்தும்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே '87 மிமீ சிலிண்டர்: அப்படியே பொருந்தும்'.

அமெரிக்காவில் 1968 பீட்டில் ஒன்றை வாங்கி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும் என் கல்லூரித் தோழன் அதைப் பார்த்துவிட்டு, "டேய், அப்ப 87-ஏ வாங்கிடறேன். ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டான். ஒன்று இல்லை. ஆனால் என் அட்டவணைப்படி ஒன்றுதான். எனவே இந்தக் குறிப்பில் நான் குறை சொல்லப்போவது முதலில் என்னை, பிறகு நான் பின்பற்றிய அந்தப் பட்டியல்களை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பீட்டிலின் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. நான்கு சிலிண்டர்களும் தனித்தனி வார்ப்பிரும்புக் குழாய்கள். ஒரு முனை கிராங்க்கேஸில் செருகும், மறுமுனை ஹெட்டில் உட்காரும், நீண்ட ஸ்டட்கள் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும். அதனால் சிலிண்டரை மட்டும் கழற்றி மாற்றலாம். 1300, 1500, 1600 மூன்றுக்கும் ஸ்ட்ரோக் 69 மிமீதான். வேறுபடுவது போர், அதாவது உள்விட்டம்: 77, 83, 85.5. (தமிழில் 'போர்' என்று எழுதினால் சண்டை மாதிரி இருக்கிறது, இனி உள்விட்டம் என்றே எழுதுகிறேன்.) 1300-இன் ஹெட்டில் துளை சிறியது, அது தனிக் கதை. 1500-க்கும் 1600-க்கும் கிராங்க்கேஸ் துளை ஒரே 90 மிமீ, ஹெட் துளையும் ஒன்றே, பிஸ்டன் பின்னும் ஒரே 22 மிமீ. லேத் பக்கமே போகாமல் மாற்றிவிடலாம். மாற்ற வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. 83 மிமீ செட் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. மெக்சிகோவில் 2003 ஜூலை வரை பீட்டில் 1600 எஞ்சினோடுதான் ஓடிவந்தது. அதனால் 85.5 எங்கும் கிடைக்கிறது.

சரி, வெளிவிட்டம் மாறாமல் உள்விட்டம் மட்டும் பெருத்தால் நடுவில் இருந்த இரும்பு எங்கே போயிற்று? கேஸுக்குள் நுழையும் கழுத்தில் சுவரின் தடிமனைக் கணக்குப் போடுங்கள். (90 − 83) ÷ 2 = 3.5 மிமீ. 85.5-க்கு 2.25. 87-க்கு 1.5 மிமீதான். ஸ்டட்கள் இறுக்கும் விசை அப்படியே இருக்கிறது, வெப்பம் கூடுகிறது, தாங்கும் சுவர் பாதிக்கும் கீழே போய்விட்டது. சூட்டில் வட்டம் கோணினால் ரிங் சரியாக ஒட்டாது, கம்ப்ரஷன் கசியும், எண்ணெய் எரியும். அதிலும் 1968 கார் என்றால் ஆயில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்துக்கொண்டு நிற்கும். 1971 மாடலில்தான் கூலரைக் காற்றுப் பாதையிலிருந்து தள்ளி வைத்தார்கள். மிக மெல்லிய சுவரை மிகச் சூடான இடத்தில் வைப்பதைத்தான் 'அப்படியே பொருந்தும்' என்று எழுதியிருக்கிறேன்.

அட்டவணை மறைக்கும் இன்னொன்று கம்ப்ரஷன் விகிதம். 1500 பீட்டிலில் அது 7.5. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 373 சிசி, அப்படியானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 57.4 சிசி. அந்த இடம் மாறாமல் 85.5 சிலிண்டரைப் போட்டால் கொள்ளளவு 396 ஆகும், விகிதம் 7.9-ஐத் தொடும். இது ஒன்றும் பயப்படும் எண் இல்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேலான ஹெட்டை யாராவது ஏற்கெனவே ஒருமுறை கடைசல் பிடித்திருந்தால் அந்த 57.4 குறைந்திருக்கும், விகிதம் மேலும் ஏறும். அளக்காமல் தெரியாது. அளக்கச் சொல்லி எந்தக் கட்டமும் என் அட்டவணையில் இல்லை.

85.5 மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. 1970-இல் அமெரிக்காவுக்குப் போன பீட்டிலில் ஃபோக்ஸ்வாகனே 1600 சிலிண்டரை ஒற்றைப் போர்ட் ஹெட்டோடு சேர்த்து விற்றது. அந்தப் 'பொருந்தும்' ஒரு தொழிற்சாலை ஓட்டிப் பார்த்துச் சொன்னது. 87-இன் 'பொருந்தும்' வெளிவிட்டத்தை அளந்து சொன்னது, அவ்வளவுதான். என் தொழிலில் சொல்வதானால் ஒன்று டெஸ்ட் பாஸ் ஆனது, மற்றது கம்பைல் மட்டும் ஆனது. ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதுதான் என் தப்பு. ஜான் மியூரின் 1969 புத்தகம் பீட்டில் வைத்திருந்தவர்களிடையே இவ்வளவு காலம் நின்றதற்கு அதன் வடிவம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது பட்டியலாகப் பேசாமல் இதைச் செய், பிறகு இதைச் செய் என்று செய்முறையாகப் பேசுகிறது. செய்முறையில் 'நிறுத்து, அள' என்று சொல்ல இடம் உண்டு. கட்டத்துக்குள் ஆமாம், இல்லை ரெண்டுக்கு மேல் நுழையாது.

எனக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. கிராங்க்கேஸில் பொறித்த எஞ்சின் எண் H என்று தொடங்குகிறது. பீட்டிலில் அது 1500-இன் அடையாளம். உள்ளே 1600 சிலிண்டர் போன பிறகும் அந்த எழுத்து அப்படியே இருக்கும். ஏட்டில் ஒரு சொல்லை மாற்றி எழுதிவிட்டுப் பாடபேதம் குறிக்காமல் விட்ட மாதிரிதான் இது. பத்து வருஷம் கழித்து வாங்குகிறவர் 83 மிமீ ரிங் வாங்கிவந்து நிற்பார். 'ஒரிஜினல் எஞ்சின்' என்று விளம்பரத்தில் போடுகிறவர்களில் பலர் பொய் சொல்வதில்லை, அவர்களிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தோழன் 85.5 வாங்கினான். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு "அது எனக்குத் தெரியும்டா" என்றான். கேஸின் உள்பக்கம் உள்விட்டத்தையும் தேதியையும் எழுதிவைக்கச் சம்மதித்திருக்கிறான். என் அட்டவணையில் 'பொருந்தும்' என்ற ஒரு பத்தியை அழித்துவிட்டு மூன்று போட்டிருக்கிறேன்: நுழையுமா, சுவர் எவ்வளவு, மேலே மிஞ்சும் இடம் எவ்வளவு. மூன்றாவது கட்டம் இன்னும் காலி. ப்யூரெட் வாங்கி ஹெட்டில் எண்ணெய் ஊற்றி அளந்து சொல்கிறேன் என்றிருக்கிறான்.