கேட்டபின் தீர்ப்பு

தீர்ப்பு என்பதும் ஓர் எழுத்தே. கதையையும் கவிதையையும் எடுத்து அவற்றின் குணமும் குற்றமும் ஆராயும் நாம், மக்களின் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்ல தீர்ப்புகளை மட்டும் வக்கீல்களின் அலமாரிக்கே விட்டுவிடுவது அறிவுடைமையாகாது. ஆணாய்ப் பிறந்து பின்னர்ப் பெண்ணாய் வாழ்வோரைத் திருநங்கையர் என்று நம்மவர் இப்பொழுது மதிப்புடன் அழைக்கின்றனர். அத்தகையோர் பெண்களுக்குரிய பந்தயங்களில் கலந்துகொள்ளச் சட்டப்படி உரிமையுடையவரா என்னும் கேள்வி இன்று பல தேசங்களிலும் பெரும் வாதத்தைக் கிளப்பியிருக்கிறது. அவ்வாதத்தின் தலைவாயிலில் நிற்பது, 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நியூயார்க் நீதிமன்றத்தில் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பு. அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

வழக்கின் வரலாறு சுருக்கமாக இது. ரெனே ரிச்சர்ட்ஸ் என்பவர் கண் வைத்தியர். 1934இல் ஆணாய்ப் பிறந்தவர். ஏல் சர்வகலாசாலையின் டென்னிஸ் குழுவுக்குத் தலைமை வகித்தவர். 1975இல் சத்திர சிகிச்சை செய்துகொண்டு பெண்ணாய் வாழத் தலைப்பட்டார். மறு ஆண்டு கலிபோர்னியாவில் பெண்கள் பந்தயமொன்றில் அவர் வெற்றி பெறவே, அவருடைய பூர்வ வரலாறு ஊரறியச் செய்தியாயிற்று. அதன்பின் நியூ ஜெர்சியில் அவர் ஆடவந்த பந்தயத்திலிருந்து 25 பெண்கள் விலகிக்கொண்டனர். அமெரிக்க டென்னிஸ் சங்கமோ, உடலின் உயிரணுவைக் கொண்டு செய்யும் பாலினப் பரிசோதனையில் தேறினாலன்றி, அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில் பெண்களோடு ஆட அவருக்கு இடமில்லை என்று கதவடைத்தது. ரிச்சர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார்.

சங்கத்தார் கூறிய வாதம் யாதெனில், ஆணுடலோடு வளர்ந்தவருக்குப் பெண்களைவிட வலிமை மிகுதி. இன்று இவரை விட்டால் நாளை வேடதாரிகள் பலர் வருவர் என்பதாம். பெண்கள் டென்னிஸில் புகழோங்கி நின்ற பில்லி ஜீன் கிங் அம்மையாரோ, ரிச்சர்ட்ஸுக்கு ஆதரவாகப் பிரமாண வாக்குமூலம் அளித்தார். நீதிபதி ஆல்பிரட் அஸ்கியோன் இருதரப்பு வைத்தியச் சாட்சியங்களையும் ஆராய்ந்து, அப்பரிசோதனை ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது பெரும் அநீதி எனவும், நியூயார்க் மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது எனவும் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பின் பெருங்குணம் ஒன்றுண்டு. கதவடைப்பவனே காரணம் காட்டவேண்டும் என்று அது விதித்தது. ‘அஞ்சுகிறோம்’ என்று சொன்னால் போதாது. அச்சத்துக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. பொற்கொல்லன் வாய்மொழியை நம்பி, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதையைச் சிலப்பதிகாரத்தில் கேட்டு வளர்ந்த நமக்கு இக்குணத்தின் அருமை புதிதன்று. சங்கத்தாரின் அச்சமும் அக்காலத்தில் பலிக்கவில்லை. அவ்வாண்டு அமெரிக்க ஓப்பனில் ரிச்சர்ட்ஸ் முதற் சுற்றிலேயே விர்ஜினியா வேடிடம் 6-1, 6-4 என்று தோற்றார். இரட்டையர் ஆட்டத்தில் மட்டும் இறுதிப் போட்டி வரையில் சென்றார். 1979இல் அவர் எட்டிய உச்ச நிலை உலகவரிசையில் 20ஆம் இடம். பெண்கள் டென்னிஸ் அழிந்துவிடவில்லை.

நிற்க. குற்றத்தையும் மறைக்காது கூறவேண்டும். வாதி பெயர்பெற்ற வைத்தியர், கணவராகவும் தகப்பனாகவும் வாழ்ந்தவர் என்றெல்லாம் தீர்ப்பு எடுத்தியம்புகிறது. உரிமைக்கும் உத்தியோகத்துக்கும் என்ன சம்பந்தம்? வாதி ஒரு கூலித் தொழிலாளியாயிருந்தால் உரிமையில் ஒரு பங்கு குறைந்துவிடுமோ? இது முதற்குற்றம்.

இரண்டாவது குற்றம் இதனினும் பெரிது. நீதிபதியின் முன் நின்றவர் 43 வயதை எட்டும் தறுவாயிலிருந்த ஒருவர். இவர் இப்பொழுது பெண்ணே என்று முடிவு கட்டியதோடு நீதிபதி திருப்தியடைந்தார். ஆணின் பருவ வளர்ச்சி எலும்புக்கும் தசைக்கும் தந்த வலிமை சிகிச்சைக்குப் பின் எவ்வளவு எஞ்சுகிறது என்னும் பொதுக் கேள்வி ஆழ்ந்து ஆராயப்படவில்லை. அக்கேள்வி வீண் கேள்வியன்று. 100 மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலக சாதனை 2009இல் நிகழ்ந்த 9.58 வினாடி, பெண்களின் சாதனை 1988இல் நிகழ்ந்த 10.49 வினாடி. இவ்விடைவெளி இருப்பதனாலேயே பெண்களுக்கெனத் தனிப் பந்தயம் ஏற்பட்டது. அடுப்படியிலிருந்து ஆடுகளத்துக்கு வர அவர்கள் பட்ட பாட்டை அறிந்த சீர்திருத்தக்காரர், அன்று விலகிய 25 பெண்களின் ஆட்சேபத்தை வெறும் வைதீகம் என்று தள்ளிவிடுதல் முறையாகாது. ரிச்சர்ட்ஸே 2012இல் தமது பழைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். 22 வயதில் சிகிச்சை செய்துகொண்டு ஆடவந்திருந்தால் எந்தப் பெண்ணும் தமக்கு ஈடாகியிருக்க முடியாது என்று கூறினார்.

ஆகவே ஆடும் உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நேர்மையுள்ளோரிடையேயும் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் காரணத்தைக் கேட்கவும், அதற்கு மறுமொழி கூறவும் உள்ள உரிமையில் கருத்து வேற்றுமைக்கு இடமேது? அண்மைக் காலத்தில் சங்கங்கள் விதிகளை இயற்றும் வேகம் மிகுந்துள்ளது. கேட்கும் பொறுமையோ அதனுடன் வளரவில்லை. 2022இல் உலக நீச்சல் சம்மேளனமும், 2023 மார்ச்சில் உலகத் தடகளச் சம்மேளனமும், ஆணின் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கையருக்குப் பெண்கள் பிரிவை அடைத்தன. நீச்சல் விதியை எதிர்த்து லியா தாமஸ் என்னும் அமெரிக்க வீராங்கனை சுவிட்ஸர்லாந்திலுள்ள விளையாட்டு மத்தியஸ்த மன்றத்தை நாடினார். வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதியில்லை என்று 2024 ஜூனில் அது தள்ளுபடியாயிற்று. விதி நியாயமா அநியாயமா என்பது அவ்வழக்கில் ஆராயப்படவே இல்லை.

திருநங்கையரல்லாத வேறு சிலரும் இவ்விதிகளில் சிக்கியுள்ளனர். பெண்ணாய்ப் பிறந்து பெண்ணாய் வளர்ந்து, உடற்கூற்றின் இயற்கை வேறுபாட்டால் தடுக்கப்பட்டோர் அவர்கள். இரு சாராரையும் ஒன்றாகக் குழப்பலாகாது. தென்னாப்பிரிக்க ஓட்டவீராங்கனை காஸ்டர் செமன்யா அவ்வாறு தடுக்கப்பட்டவர். அவர் மீதான விதி பாரபட்சமானதே, ஆயினும் அவசியமானது என்று 2019இல் மத்தியஸ்த மன்றம் கூறிற்று. 2025 ஜூலை 10ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிஸ் உச்ச நீதிமன்றம் அவருடைய முறையீட்டைப் போதிய நுணுக்கத்தோடு ஆராயவில்லை. நியாயமான விசாரணைக்கு அவருக்குள்ள உரிமை மீறப்பட்டது என்று தீர்த்தது. அவர் ஓடலாம் என்று அது சொல்லவில்லை. அவரைச் சரியாகக் கேட்டிருக்கவேண்டும் என்றே சொல்லிற்று.

நம் இனத்திலும் ஒருவர் இருக்கிறார். புதுக்கோட்டை ஜில்லாவில் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாய்ப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினப் பரிசோதனையின் பேரில் அது பறிக்கப்பட்டது. பறிக்குமுன் எந்த நீதிமன்றமும் அவரை அழைத்துக் கேட்கவில்லை. பின்னர் வயிற்றுப் பிழைப்புக்காக அவரும் செங்கற்சூளைக்கே வேலைக்குச் சென்றார். நியூயார்க் வைத்தியருக்கு, குற்றங்குறை இருப்பினும், ஆராய்வதற்கு ஒரு தீர்ப்பாவது கிடைத்தது. சூளைக்காரர் மகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு வாதியின் உத்தியோகத்தைப் பாராட்டியதன் தீமை இவ்விடத்தில்தான் நன்கு விளங்குகிறது.

செக்ரோலில் பெயர் அடிபட்ட தொழிலாளி ‘என்ன குற்றம்?’ என்று கேட்டால், அக்கேள்வியைக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டென்று நாம் வாதாடுகிறோம். அவன் கேட்டதனாலேயே வேலை திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதில்லை. காரணம் சொல்லியே தீரவேண்டும் என்பதே கோரிக்கை. பந்தய மைதானத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டோருக்கும் அவ்வளவேனும் உண்டு. அறிவியல் தக்க சான்று காட்டித் தடுப்பின், தடையை ஏற்போம். சான்றின்றியும், மானபங்கம் செய்தும், வாய்திறக்க விடாமலும் தடுப்பின், அதனை எந்தச் சங்கம் விதித்தாலும் அநீதி என்றே கூறுவோம். வாசக அன்பர்கள் இனி இத்தகைய செய்தியைப் பத்திரிகையில் காணும்பொழுது, யார் வென்றார், யார் தோற்றார் என்று பார்ப்பதற்கு முன், யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்று பார்ப்பார்களாக.