ஒன்லி யெஸ்டர்டே: முதல் காதலும் மறுக்கப்பட்ட கைகுலுக்கலும்

ஒமோய்தே போரோபோரோ (1991) ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாதா எழுதி இயக்கிய அனிமேஷன் திரைப்படம். ஸ்டூடியோ ஜிப்லி தயாரித்தது. உலக அளவில் ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்ற ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. ஜப்பானியத் தலைப்புக்கு ‘நினைவுகள் துளித்துளியாக உதிர்கின்றன’ என்று பொருள் கொள்ளலாம். தொடக்கப்பள்ளி மாணவர்களிடையே தோன்றும் முதல் காதலையும் தோழமையையும் சித்தரிக்கும் ஜப்பானியப் படைப்புகளில் முக்கியமான ஒன்று. முதல் காதலின் இனிமையைவிட, அமையாமல் போன ஒரு நட்பின் உறுத்தலுக்கே இப்படம் கூடுதல் இடம் அளிக்கிறது.

மூலமும் தழுவலும்

ஹொதாரு ஒகமோதோ எழுதி யூகோ தோனே வரைந்த மாங்காவைத் தழுவியது இப்படம். மாங்காவில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி தயேகோவின் அனுபவங்கள் தனித்தனி நிகழ்ச்சிகளாக வருகின்றன. அவற்றை இணைக்கும் பெரிய கதை அதில் இல்லை. 27 வயது தயேகோவை உருவாக்கிச் சேர்த்தவர் தகஹாதா. இச்சேர்க்கையே படத்தின் பார்வையைத் தீர்மானிக்கிறது. மாங்காவில் குறும்பாகவும் வேடிக்கையாகவும் இருந்த நிகழ்ச்சிகள், படத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் சான்றுகளாக மாறுகின்றன.

கதைச்சுருக்கம்

1982. டோக்கியோவில் அலுவலக வேலை செய்யும் தயேகோ ஒகாஜிமா விடுமுறையில் யாமகாதாவுக்குச் செல்கிறாள். அக்காள் கணவரின் உறவினர் வீட்டில் தங்கி, செந்தூரகப் பூப் பறிக்கும் வேலையில் பங்குகொள்கிறாள். பயணம் முழுவதும் 1966-ல் ஐந்தாம் வகுப்பில் படித்த நாட்கள் அவள் நினைவில் எழுகின்றன. முதன்முதலாக வீட்டில் அன்னாசிப்பழம் உண்டது, பின்ன வகுத்தல் புரியாமல் அழுதது, மாதவிலக்கைப் பற்றி வகுப்பில் பரவிய கேலி என அவை நீள்கின்றன. நிறுவன வேலையை விட்டு இயற்கை வேளாண்மைக்கு வந்த தொஷியோ அவளுக்கு நண்பனாகிறான். வீட்டுப் பாட்டி, அவள் தொஷியோவை மணந்து அங்கேயே தங்கிவிடலாமே என்று கேட்டதும் தயேகோ திகைத்து வெளியே ஓடுகிறாள்.

ஹிரோதா

பக்கத்து வகுப்பில் படிக்கும் ஹிரோதா நன்றாகப் பேஸ்பால் ஆடுபவன். தயேகோவை அவனுக்குப் பிடித்திருக்கிறது என்ற செய்தி அவன் வகுப்புப் பெண்கள் வழியாகவே அவளுக்கு வந்து சேர்கிறது. இருவரும் ஒரு சொல்கூடப் பேசுவதற்கு முன்பே மற்றவர்கள் அவர்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பத்து, பதினொரு வயதில் காதல் என்பது பெரும்பாலும் ஊர்ப்பேச்சாகவே தொடங்குகிறது என்பதை தகஹாதா நுட்பமாகக் காட்டுகிறார்.

பின்னர் தெருவில் இருவரும் தனியாக எதிர்ப்படுகிறார்கள். வெயில் நாள், மழை நாள், மேகமூட்டமான நாள் ஆகியவற்றில் எது பிடிக்கும் என்று ஹிரோதா கேட்கிறான். தயேகோ மேகமூட்டம் என்கிறாள். தனக்கும் அதுதான் என்கிறான் அவன். காதல் பேச்சு அவ்வளவுதான். வீடு திரும்பும் தயேகோ காற்றில் படியேறி, வானில் நீந்திச் செல்கிறாள். அன்றாட வாழ்வின் சிறு அசைவுகளையே நம்பி நகரும் இப்படத்தில் இயற்பியல் விதி தளர்வது அரிது. அத்தளர்வை இயக்குநர் இந்த மகிழ்ச்சிக்கு அளிக்கிறார். அந்த மகிழ்ச்சியால் தயேகோவின் வாழ்க்கையில் பின்விளைவு எதுவும் இல்லை. ஹிரோதாவுக்கு அவள் எதுவும் கடன்படவில்லை.

அபே

அபே வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவன், ஏழை. வகுப்பில் தயேகோவுக்குப் பக்கத்து இருக்கை. அவன் அழுக்கானவன் என்று மாணவிகள் தங்களுக்குள் ஏளனமாகப் பேசிக்கொள்கிறார்கள். தயேகோ அதில் சேர்வதில்லை. அபே மீண்டும் வேறு பள்ளிக்குச் செல்லும் நாளில், எல்லோரிடமும் கைகுலுக்கி விடைபெறும்படி ஆசிரியர் சொல்கிறார். ஏளனம் பேசியவர்களிடமும் கைகுலுக்கும் அபே, தயேகோவிடம் மட்டும் மறுத்துவிடுகிறான்.

இந்நினைவு படத்தில் இடம்பெறும் இடம் கவனிக்கத்தக்கது. பாட்டியின் கேள்விக்குப் பிறகு, மழையில் தொஷியோவின் காரில் அமர்ந்திருக்கும்போது தயேகோ இதைச் சொல்கிறாள். அபேயை மனத்தளவில் மிகவும் அருவருத்தவள் தான்தான், அதை மறைத்து நல்லவளாக நடித்தேன் என்கிறாள். கிராமத்தின் மீது தான் காட்டிய அன்பும் அதே வகை நடிப்போ என்ற அச்சமே அந்நினைவை இழுத்து வருகிறது. ஒரு சிறுவனின் மறுப்பு பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெண்ணின் திருமண முடிவில் வந்து நிற்கிறது.

தொஷியோ வேறு விளக்கம் அளிக்கிறான். தயேகோவிடம் மட்டுமே அபேயால் இயல்பாக இருக்க முடிந்திருக்கும், அதனால்தான் அவளிடம் முரட்டுத்தனம் காட்டினான் என்கிறான். அவ்விளக்கம் சரியா என்று படம் உறுதி செய்வதில்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் அபே மட்டுமே. அவன் எங்கே போனான் என்பது யாருக்கும் தெரியாது.

காட்சி வடிவம்

1966-ஆம் ஆண்டுக் காட்சிகள் வெளிர்நிறத்தில், ஓரங்கள் வெண்மையில் கரைந்து போகும்படி வரையப்பட்டுள்ளன. நினைவில் தங்காத பகுதிகள் தாளில் வெறுமையாக விடப்பட்டதைப் போல அவை தோன்றுகின்றன. 1982-ஆம் ஆண்டுக் காட்சிகள் செறிவான வண்ணமும் நுண்விவரங்களும் கொண்டவை. அவற்றுக்கு நடிகர்களின் குரல் முதலில் பதிவு செய்யப்பட்டு, அதற்கேற்ப முகங்கள் வரையப்பட்டன. தயேகோ சிரிக்கும்போது கன்னத்தில் விழும் கோடுகள் அனிமேஷனில் வழக்கமற்றவை. நினைவு மங்கலாகவும், நினைப்பவள் துல்லியமாகவும் தெரிவதால், பார்வையாளர் இறந்தகாலத்தின் கவர்ச்சியில் மட்டும் நின்றுவிடுவதில்லை.

மதிப்பீடு

பள்ளிப்பருவக் காதலைப் பேசும் படைப்புகள் பலவும் ஹிரோதாவின் தெருவோடு நின்றுவிடுபவை. இழந்த இனிமையை எண்ணி ஏங்குவது அவற்றின் உணர்வு. தகஹாதா ஏக்கத்தை அனுமதித்துவிட்டு, அதன் அருகிலேயே குற்றவுணர்வை வைக்கிறார். வகுப்பறையில் ஒருவரையொருவர் விரும்பியவர்களைவிட, அருகில் அமர்ந்தும் நெருங்காதவர்களே பிற்காலத்தில் கேள்வி கேட்கிறார்கள் என்பது இப்படத்தின் தனித்த கண்டடைதல்.

படத்தின் குறையும் இங்கேயே உள்ளது. அபே கடைசி வரை தயேகோவின் நினைவாகவே எஞ்சுகிறான். அவன் வீடும் வறுமையும் நமக்குக் காட்டப்படுவதில்லை. அவனுடைய அவமானம் அவளுடைய மனமுதிர்ச்சிக்கான படியாகிவிடுகிறது என்று வாதிடலாம். ஆனால் அவனுடைய மறுப்பை எந்தச் சமாதானத்தாலும் படம் திருத்தி எழுதுவதில்லை என்பதும் உண்மை.

இறுதியில், டோக்கியோ செல்லும் ரயிலில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் தயேகோவைச் சூழ்கிறார்கள். அவள் இறங்கித் தொஷியோவிடம் திரும்புகிறாள். அவளை வழியனுப்பிவிட்டுச் சிறுமி தயேகோ அங்கேயே நின்றுவிடுகிறாள்.